நினைவகம், வாற்று, வெயில்

சாதாரண கணினித் திரை ஒன்றில் 1920 நிரல்களும் 1080 நிரைகளுமாக அடுக்கப்பட்ட பிக்சல்கள், அதாவது தனித்தனியே நிறமேற்றத்தக்க ஒளிப்புள்ளிகள், 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 உள்ளன. விளையாட்டின் அசைவு கண்ணுக்குத் தடங்கலின்றித் தோன்ற வேண்டுமானால் இத்தனை புள்ளிகளின் நிறமும் செக்கனுக்கு 60 தடவை புதிதாகக் கணிக்கப்பட வேண்டும். அவ்வாறாயின் ஒரு செக்கனில் தீர்மானிக்கப்படும் நிறங்கள் 12 கோடியே 44 இலட்சத்தைத் தாண்டுகின்றன என்பதோடு, சட்டகம் எனப்படும் ஒவ்வொரு முழுப் படத்துக்கும் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிசெக்கனாகச் சுருங்கிவிடுகிறது. இந்த வேலையை மத்திய செயலியிடம் விடாமல் தானே ஏற்றுக்கொள்ளும் தனிப்பலகைதான் கிராபிக்ஸ் அட்டை. யாழ்ப்பாணத்துக் கடைகளில் விற்பவரும் வாங்குபவரும் வி.ஜி.ஏ. கார்ட் என்று கேட்டுப் பெறுவது இதனையே.

மத்திய செயலி சில கருக்களை மாத்திரம் கொண்டு, முன்னுக்குப் பின் தொடர்புள்ள கட்டளைகளை வேகமாக ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றுவதற்கென அமைக்கப்பட்டது. கிராபிக்ஸ் செயலியோ ஆயிரக்கணக்கான சிறிய கணிப்பு அலகுகளைக் கொண்டு, ஒரே கட்டளையை வெவ்வேறு பிக்சல்களின்மீது ஒரே நேரத்தில் ஏவுவதற்கு அமைக்கப்பட்டது. என்விடியா நிறுவனம் 1999 இல் ஜிபோர்ஸ் 256 என்ற அட்டையை வெளியிட்டபோது இச்செயலியைக் குறிக்கும் ஜி.பி.யூ. என்ற சொல்லைப் பரவலாக்கியது. இன்று அந்நிறுவனத்தின் சில்லுகள் கட்டளைகளை 32 இழைகள் கொண்ட கூட்டங்களாக நிறைவேற்றுகின்றன; ஒரு கூட்டம் நினைவகத்திலிருந்து வரவேண்டிய தரவுக்காகக் காத்திருக்கும்போது செயலி அதனை ஒதுக்கிவைத்துவிட்டு வேறொரு கூட்டத்தை எடுத்துக்கொள்கிறது. காத்திருப்பை இப்படி மறைக்கும் உத்தி பலிப்பது, நினைவகம் தரவைப் போதிய வேகத்தில் அனுப்பிக்கொண்டிருக்கும்வரைதான். குறைந்த செலவில் அட்டை வாங்குபவர் ஏமாறும் இடமும் பெரும்பாலும் இதுவே.

ஒரு செக்கனில் நினைவகத்துக்கும் சில்லுக்குமிடையே கடந்துசெல்லக்கூடிய தரவின் அளவு பட்டையகலம் எனப்படும். இணைப்பின் அகலத்தைப் பிற் கணக்கில் எடுத்து, ஒவ்வொரு இணைப்பும் செக்கனுக்கு அனுப்பும் ஜிகாபிற்றால் பெருக்கி, எட்டால் வகுத்தால் இது கிடைத்துவிடும். 2021 பெப்ரவரியில் 329 டொலர் அறிவிப்பு விலையுடன் வந்த என்விடியாவின் ஆர்.ரி.எக்ஸ். 3060 அட்டையில் 192 பிற் அகலமும் 15 ஜிகாபிற் வேகமும் இருப்பதால் பட்டையகலம் 360 ஜிகாபைற். 2023 யூனில் 299 டொலருக்கு வந்த ஆர்.ரி.எக்ஸ். 4060 இல் 128 பிற் அகலமும் 17 ஜிகாபிற் வேகமும் இருப்பதால் அது 272 ஜிகாபைற் மட்டுமே. தோட்டத்தில் நீர் இறைக்கும் இயந்திரத்தின் வலு எவ்வளவாயினும் வாய்க்கால் ஒடுங்கியிருந்தால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேராதது போல, கணிப்பு அலகுகளின் எண்ணிக்கை இவ்விடத்தில் உதவிக்கு வராது. ஆயினும் பின்வந்த அட்டை 1080 நிரைத் திரையில் முன்னையதைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வேகமாக ஓடுகிறது. காரணம், சில்லுக்குள்ளேயே அமைந்த பதுக்கு நினைவகம் 3 மெகாபைற்றிலிருந்து 24 மெகாபைற்றாக உயர்த்தப்பட்டமையால், அடிக்கடி வேண்டப்படும் தரவுக்காக வெளியே போகவேண்டிய தேவையே குறைந்துவிட்டது. திரையின் பிக்சல்கள் பெருகப் பெருக இந்தப் பதுக்கு போதாமற் போய்விடுமாதலால், 2560 இற்கு 1440 திரை வைத்திருப்பவர், அதாவது முன்னதைவிட 1.78 மடங்கு பிக்சல்களை ஓட்ட வேண்டியவர், இதே ஒப்பீட்டை அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது.

பட்டையகலம் வேகத்தைப் பற்றியது. கொள்ளளவு வேறு விடயம். சுவரின் செங்கல், புல்லின் மடல், முகத்தின் தோல் ஆகியவற்றின் மேற்பரப்புப் படங்கள் யாவும் அட்டையின் நினைவகத்திலேயே வைக்கப்படுகின்றன. அந்நினைவகம் நிறைந்துவிட்டால் மிகுதி, தாய்ப்பலகையிலுள்ள பொது நினைவகத்துக்குத் தள்ளப்பட்டு, வேண்டும்போது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எனப்படும் இணைப்பு வழியாக இழுத்துவரப்படுகிறது. இந்த இணைப்பு தடங்களாகப் பிரிந்தது. நான்காம் தலைமுறையில் 8 தடங்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 16 ஜிகாபைற்றையும், மூன்றாம் தலைமுறையில் அதே 8 தடங்கள் ஏறத்தாழ 8 ஜிகாபைற்றையும் கடத்தும். 272 இற்குப் பழகிய செயலி திடீரென 16 இற்கோ 8 இற்கோ இறங்கவேண்டி வரும்போது சட்டகங்களின் சராசரி எண்ணிக்கை சற்றே குறைவதோடு விடயம் முடிவதில்லை. சில சட்டகங்கள் மட்டும் வழமையைவிடப் பன்மடங்கு தாமதமாக வந்து, விளையாடுபவருக்கு அது விக்கலும் வெட்டுமாகத் தெரிகிறது. எனவேதான் ஒழுங்காகச் செய்யப்பட்ட மதிப்பாய்வுகள் சராசரியுடன், மிக மெதுவான நூற்றுக்கு ஒரு பங்குச் சட்டகங்களின் வேகத்தையும் தனியே தருகின்றன. வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டியதும் அந்த இரண்டாவது எண்தான்.

தடங்களின் எண்ணிக்கையைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிப்பது உற்பத்தியாளரின் பழைய உத்தி. 2022 சனவரியில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. அட்டையில் நினைவகம் 4 ஜிகாபைற், தடங்கள் நான்கே. நான்காம் தலைமுறைத் தாய்ப்பலகையில் அது ஒருவாறு ஒப்பேறியது. மூன்றாம் தலைமுறைப் பலகையிலோ வழி ஏறத்தாழ 4 ஜிகாபைற்றாகச் சுருங்கி, நினைவகம் நிறைந்த விளையாட்டுகளில் அட்டை தடுமாறியது. மலிவான அட்டையை நாடுபவரிடமே பழைய தாய்ப்பலகையும் இருக்கும் என்பதை எண்ணினால், இந்த வடிவமைப்பு எவருக்காகச் செய்யப்பட்டது என்ற கேள்வி எழாமல் இராது.

பெட்டியிலுள்ள பெயர் இவற்றில் எதனையும் சொல்வதில்லை. சில வேளைகளில் மறைக்கவும் செய்கிறது. 2017 இல் வந்த ஜி.ரி. 1030 அட்டையின் பட்டையகலம் 48 ஜிகாபைற். மறு ஆண்டு அதே பெயரில், சாதாரண டி.டி.ஆர். 4 நினைவகத்துடன் வந்ததன் பட்டையகலம் 16.8 ஜிகாபைற். ஆர்.ரி.எக்ஸ். 3050 என்ற பெயரில் 2022 இல் வந்த 8 ஜிகாபைற் அட்டையில் 2560 கணிப்பு அலகுகளும் 128 பிற் இணைப்பும் இருக்க, 2024 இல் வந்த 6 ஜிகாபைற் அட்டையில் அலகுகள் 2304 ஆகவும் இணைப்பு 96 பிற் ஆகவும் குறைந்தன. மேலே சொன்ன 3060 இற்கும் பின்னாளில் 8 ஜிகாபைற் கொண்ட ஒடுங்கிய வடிவம் ஒன்று உண்டு. சீனச் சந்தைக்கென 2018 இல் விடப்பட்ட ஆர்.எக்ஸ். 580 இல் 2304 இற்குப் பதிலாக 2048 அலகுகளே உள்ளன. இணையத்தில் மலிவாகத் தென்படும் அப்பெயர் அட்டைகளுள் பல இவ்வகையினவே. ஆகவே கடைக்காரரிடம் பெயரைச் சொல்லி விலை கேட்பதற்கு முன்னர் நினைவகத்தின் அளவு, அதன் வகை, இணைப்பின் பிற் அகலம் என்பவற்றைக் கேட்டுப் பற்றுச்சீட்டிலும் எழுதுவித்துக்கொள்வது வீண் வேலையன்று.

டொலர் விலைகள் யாழ்ப்பாணத்தை அடையும்போது என்னவாகின்றன என்பது இதற்கடுத்த கணக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது; அம்மாதம் நாணயமாற்று வீதம் தளர்த்தப்பட்ட பின்னர் மே மாதத்தில் அது 360 ரூபா வரை சென்றது. 329 டொலர் அட்டையின் அறிவிப்பு விலை அமெரிக்காவில் ஒரு சதமும் மாறாதிருக்க, அதன் ரூபாப் பெறுமதி மட்டும் 65,800 இலிருந்து 118,440 ஆகிவிட்டது. பின்னர் ரூபா சற்று மீண்டதெனினும், 2024 சனவரி 1 இலிருந்து பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 18 சதவீதமாயிற்று. 2025 இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவை காரணமாக நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறத் தொடங்கியதும் இதனுடன் சேர்கிறது. ஆகவே ஒரு டொலருக்கு எத்தனை சட்டகம் என்று அமெரிக்க விலையில் போடப்படும் தரவரிசைப் பட்டியல் இங்கே நேராகப் பொருந்துவதில்லை. கொழும்பில் இறக்குமதியாளரிடம் அவ்வேளை இருப்பிலுள்ள இரண்டு மூன்று அட்டைகளுக்கிடையேதான் உண்மையான தெரிவு நடக்கிறது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களிலிருந்து ஏ9 வீதி வழியாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வடக்கே வரும் அட்டை பழுதுபட்டால் அதே வழியாகத்தான் திரும்பிப் போகவேண்டும் என்பதையும், உத்தரவாதம் யாழ்ப்பாணக் கடையின் பெயரிலா கொழும்பு இறக்குமதியாளரின் பெயரிலா என்பதையும் விலையின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

ஆனால் யாழ். குடாநாட்டில் இத்தெரிவை வேறிடங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது, விலையைவிட மின்சாரமும் வெப்பமுமே எனலாம். 1990 இல் தேசிய மின்வழங்கல் துண்டிக்கப்பட்ட குடாநாட்டுக்கு, போர் முடிந்த பின்னரே கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் வரை தேசிய மின்தொகுப்பு மீண்டும் வந்து சேர்ந்தது. மின்சாரமே இல்லாமலும் பின்னர் அளந்து கிடைத்த மின்சாரத்துடனும் வாழ்ந்த ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளும் அத்தொகுப்புடன் இணைக்கப்படாமல் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. அங்கே ஒவ்வொரு வாற்றும் படகேறி வந்த எண்ணெய். பெருநிலத்திலும் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தது. கட்டணம் அவ்வாண்டு ஓகஸ்டில் 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டு, பின்னர் குறைந்தும் கூடியும் வருகிறது.

அட்டையின் வாற்றுக் கணக்கு இப்பின்னணியில் வேறொரு பொருளைப் பெறுகிறது. 3060 இன் உச்ச மின்நுகர்வு 170 வாற்று, 4060 இனது 115 வாற்று. வித்தியாசம் 55 வாற்று. நாளுக்கு நான்கு மணித்தியாலம் விளையாடினால் 30 நாளில் அது 6.6 அலகு, அதாவது 6.6 கிலோவாற்று மணி. தன்னளவில் இது பெரிய தொகையன்று. ஆனால் இலங்கையின் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்தது என்பதும், 60, 90, 120, 180 அலகு என்ற எல்லைகளைக் கடக்கும்போது அலகின் விலையுடன் மாதாந்த நிலையான கட்டணமும் கூடுகிறது என்பதும் கவனிக்கத்தக்கன. மாதம் 86 அலகு பாவிக்கும் வீட்டில் இந்த 6.6 அலகு எல்லையைத் தாண்டவைத்து, தன் அளவுக்கு மிஞ்சிய தொகையைப் பட்டியலில் ஏற்றிவிடும். 70 அலகு பாவிக்கும் வீட்டிலோ அதே 6.6 அலகு அவ்வளவாகத் தெரியாது. ஆகவே அட்டை வாங்கப் போகுமுன் வீட்டு மின்பட்டியலின் கடைசி மூன்று மாதங்களை ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது, எந்த மதிப்பாய்வையும் வாசிப்பதற்குக் குறைந்த பயனைத் தராது.

மின்தடையின்போது கணினியைத் தாங்கிநிற்கும் யூ.பி.எஸ். கருவியுடன் இதனைப் பொருத்திப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். பல வீடுகளில் இருப்பது 650 வி.ஏ. என்று குறிக்கப்பட்ட சிறிய கருவி. ஆனால் அது உண்மையில் தாங்கும் சுமை பெரும்பாலும் 360 வாற்று அளவிலேயே நின்றுவிடுகிறது. அட்டைக்கு 170, மத்திய செயலிக்கு 80, ஏனைய பகுதிகளுக்கு 40 எனக் கூட்டினால் 290 வாற்று; கடைகளில் பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கி 85 சதவீத வினைத்திறனில் இயங்குவதாகக் கொண்டால் சுவரிலிருந்து இழுக்கப்படுவது ஏறத்தாழ 341 வாற்று; திரைக்கு 25 சேர்த்தால் 366. யூ.பி.எஸ். இன் எல்லை இத்துடன் கடந்துவிட்டதாதலால், மின்சாரம் போன கணத்தில் விளையாட்டைச் சேமிக்க நேரம் தராமலே அதுவும் நின்றுவிடும். 115 வாற்று அட்டையுடன் இதே கூட்டல் ஏறத்தாழ 300 வாற்றில் முடிகிறது. அட்டைகள் சில மில்லிசெக்கன் நேரத்துக்குத் தம் உச்ச எல்லையையும் மீறி மின்னை இழுக்கும் இயல்புடையன என்பதும், மலிவான யூ.பி.எஸ். கருவிகள் மின்கலத்தில் ஓடும்போது தூய சைன் அலைக்குப் பதிலாகப் படிப்படியான அலையையே தருவதால் சில நவீன மின்வழங்கிகள் அதனை ஏற்காமல் நின்றுபோகக்கூடும் என்பதும் இக்கணக்கில் இன்னும் சேர்க்கப்படவில்லை.

அட்டை நுகரும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. விசிறியும் அலுமினியத் தகடுகளும் செய்வது சில்லுக்கும் அறைக்காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசத்தை ஓர் எல்லைக்குள் பேணுவதேயன்றி, அறைக்காற்றைக் குளிர்விப்பதன்று. ஆகவே 22 பாகை அறையில் 65 பாகை காட்டும் அட்டை, 32 பாகை அறையில் ஏறத்தாழ 75 பாகை காட்டும். வெளிநாட்டு மதிப்பாய்வுகள் பெரும்பாலும் முன்னைய வகை அறையில் செய்யப்பட்டவை. சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை குடாநாட்டின் பகல் 32 பாகையை அண்டி நிற்க, கொங்கிறீற்றுக் கூரையின் கீழுள்ள மூடிய அறை அதனையும் தாண்டும். 4060 இற்கு 90, 3060 இற்கு 93 என உற்பத்தியாளர் விதித்த வெப்ப எல்லையை நெருங்கும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கு வெகு முன்பே, வெப்பம் கூடுவதால் சில்லினுள் வீணே கசியும் மின்னோட்டம் அதிகரித்து, அதே வேலைக்கு மேலும் சில வாற்று செலவாகத் தொடங்கும்.

இதற்கு ஒரு பரிகாரம் செலவின்றிக் கிடைக்கிறது. சில்லின் மின்நுகர்வு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் மாறுகிறது. அதனால் வேகத்தை அப்படியே வைத்து மின்னழுத்தத்தை 1.05 இலிருந்து 0.95 வோல்ற்றாக இறக்கினால், இப்பகுதி நுகர்வு ஏறத்தாழ 18 சதவீதம் குறைகிறது. உற்பத்தியாளர் எல்லாச் சில்லுகளும் தவறாமல் ஓட வேண்டுமென்று சற்றுக் கூடுதலான அழுத்தத்தையே நிர்ணயிப்பதால், பெரும்பாலான அட்டைகள் இந்தக் குறைப்பைத் தாங்கும். 60 சட்டகம் காட்டும் திரைக்கு 110 சட்டகம் கணித்து அனுப்புவதை நிறுத்தி, விளையாட்டின் அமைப்பில் 60 என எல்லை வைப்பது இதனினும் எளிது; மின்பட்டியலுக்கும் அறைக்கும் ஒரே நேரத்தில் நன்மை தருவது.

வெப்பத்தைவிட மெதுவாக, ஆனால் உறுதியாக வேலைசெய்யும் எதிரி உப்பு. குடாநாட்டில் எந்த ஊரும் கடலிலிருந்தோ கடனீரேரியிலிருந்தோ வெகு தொலைவில் இல்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வறண்ட நிலத்தின் புழுதியையும் கடலின் உப்புத்துகளையும் அது ஒன்றாகக் கொண்டுவருகிறது. அட்டையின் விசிறி அவற்றை இழுத்துத் தகடுகளுக்கிடையே அடைக்கிறது. சாதாரண உப்பு, காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகும் இயல்புடையது. எனவே பகலில் தீங்கற்ற தூசாகத் தெரியும் படலம், ஈரப்பதன் ஏறும் இரவில் மின்னைக் கடத்தும் மெல்லிய ஈரப்படையாக மாறி, பலகையின் செப்பு முனைகளை அரிக்கத் தொடங்குகிறது. பருத்தித்துறையிலோ குருநகரிலோ கடலைப் பார்த்த அறையில் கணினி வைத்திருப்பவர், பெட்டியின் முன்புறத்துக்குத் தூசு வடிகட்டி பொருத்தி, சோளகம் ஓய்ந்ததும் அட்டையைக் கழற்றி மெல்லிய தூரிகையால் துடைத்தெடுப்பது அட்டையின் ஆயுளைக் கூட்டும்; விளையாடாத நாளிலும் கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பலகையைச் சூடாக வைத்திருப்பதும் ஈரத்தைத் தடுக்கும்.

புதிய கணினி என்று சொல்லப்படுவது எப்போதும் புதியதாக இருப்பதில்லை என்பதும் இங்குள்ள நடைமுறை. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், எச்.பி. பெட்டிகள் இறக்குமதியாகி, குறைந்த விலையில் விற்கப்படுகின்றன. அவற்றில் ஓர் அட்டையைச் செருகிவிட்டால் போதும் என்று கருதுவோர் பலர். அப்பெட்டிகளின் மின்வழங்கி பெரும்பாலும் 200 முதல் 300 வாற்றுக்குள் அமைந்தது. அட்டைக்கென்று தனி மின்வடம் அதில் இராது. அதன் செருகிகளும் பொதுவடிவில் இல்லாததால் வேறொன்றை மாற்றிப் பூட்டுவது சிரமம். எனவே தாய்ப்பலகையின் செருகுவாய் தானே வழங்கும் 75 வாற்றுக்குள் அடங்கும் அட்டைகள் மட்டுமே இங்கே தெரிவுக்குரியன: 2019 இல் வந்த 75 வாற்று ஜி.ரி.எக்ஸ். 1650, மேலே குறைசொல்லப்பட்ட 6 ஜிகாபைற் 3050 ஆகிய இரண்டும் இவ்விடத்தில் பெறுமதி பெறுகின்றன. குறிப்பாகப் பின்னையது, பெயரால் ஏமாற்றுவதாயினும் 70 வாற்றில் அவ்வளவு வேலை செய்யும் விளையாட்டு அட்டைகள் அரிது என்பதால் இப்பெட்டிகளுக்கு ஏறத்தாழ அளவெடுத்துச் செய்தது போன்றது. 53 வாற்று ஆர்.எக்ஸ். 6400 இற்கு நான்கு தடங்களே இருப்பதால் பழைய பலகையில் அது தன் வலுவை இழந்துவிடும்.

அட்டையே வேண்டாம் என்ற முடிவும் சில வேளை அறிவுடைமை. ஏ.எம்.டி. யின் ரைசன் 5 5600ஜி போன்ற செயலிகளில் சிறிய கிராபிக்ஸ் பகுதி உள்ளேயே அமைந்துள்ளது. அது தனக்கென நினைவகம் இல்லாமல் கணினியின் பொது நினைவகத்தையே பாவிக்கிறது. டி.டி.ஆர். 4 3200 நினைவகத்தை 16 ஜிகாபைற் ஒற்றைப் பலகையாகப் பூட்டினால் அதற்குக் கிடைப்பது செக்கனுக்கு 25.6 ஜிகாபைற், 8 ஜிகாபைற் வீதம் இரண்டாகப் பூட்டினால் 51.2. கொள்ளளவு மாறாமலே வழி இரட்டிப்பாகிறது. பின்னர் கூட்டலாம் என்று சொல்லிக் கடையில் ஒன்றை மட்டும் பூட்டி அனுப்பும் வழக்கம், வலரன்ற் போன்ற இலகுவான விளையாட்டுகளையே விளையாட எண்ணும் மாணவரின் கணினியை அரைவாசி வலுவுடன் வீட்டுக்கு அனுப்புவதாகும்.

பாவித்த அட்டைகளைப் பற்றிய அச்சம் ஓரளவு மிகையானது. எதேரியம் என்ற மின்னாணயம் 2022 செப்டெம்பர் 15 இல் தன் கணிப்பு முறையை மாற்றியதுடன், அதனை அகழ்வதற்குப் பயன்பட்ட அட்டைகள் உலகெங்கும் பாவித்த பொருள் சந்தைக்கு வந்தன. இரவு பகலாக ஓடிய அட்டை தேய்ந்திருக்கும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் சூடாறிச் சூடேறும் சுழற்சியே பற்றாசு இணைப்புகளை வெடிக்கச் செய்வது. ஒரே வெப்பநிலையில் தொடர்ந்து ஓடிய அட்டையில் அச்சுழற்சி குறைவு. தேய்ந்திருப்பவை விசிறியின் தாங்கிகளும் காய்ந்துபோன வெப்பப் பசையும்தான். இரண்டும் குறைந்த செலவில் மாற்றத்தக்கவை. இதனைவிடப் பெரிய இடர், பழைய சில்லின் மென்பொருளைத் திருத்தி வேறு பெயர் காட்டச் செய்யும் போலி அட்டைகள். இலவசமாகக் கிடைக்கும் ஜி.பி.யூ.-இசற் என்ற மென்பொருள் 2018 தொடக்கம் என்விடியாப் போலிகள் பலவற்றை இனங்கண்டு காட்டுகிறது. வயதும் ஒரு தடை. 2016 இன் பஸ்கல் குடும்ப அட்டைகளுக்கு விளையாட்டுக்குரிய டிரைவர் மென்பொருளை என்விடியா 2025 ஒக்ரோபருடன் நிறுத்திக்கொண்டது. 2024 டிசெம்பரில் வந்த இன்டியானா ஜோன்ஸ் விளையாட்டும் 2025 மே மாதத்தில் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் விளையாட்டும், ஒளிக்கதிர்களின் பாதையைப் பின்தொடர்ந்து நிழலையும் பிரதிபலிப்பையும் கணிக்கும் வன்பொருள் இல்லாத அட்டைகளில் ஓடமாட்டா.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், 1080 நிரைத் திரையும் 650 வி.ஏ. கருவியும் உடைய வழமையான யாழ்ப்பாண வீட்டுக்கு 115 வாற்று 4060 அல்லது, அதைவிட மலிவாகக் கிடைத்தால், 132 வாற்று ஆர்.எக்ஸ். 6600 பொருந்தும். இரண்டிலும் நினைவகம் 8 ஜிகாபைற் என்பதால் மேற்பரப்புப் படங்களின் தரத்தைச் சில புதிய விளையாட்டுகளில் ஒரு படி இறக்கவேண்டி வரும் என்பதை ஒப்புக்கொண்டே வாங்க வேண்டும். அப்படி இறக்க மனமில்லாதவருக்கு 12 ஜிகாபைற்றும் 456 ஜிகாபைற் பட்டையகலமும் கொண்ட இன்ரெல் ஆர்க் பி580, 2024 டிசெம்பரில் 249 டொலருக்கு வந்தபோது நல்ல பேரமாகத் தோன்றியது. எனினும் அது 190 வாற்று கேட்கிறது. மத்திய செயலி அட்டையின் முழு நினைவகத்தையும் ஒரே தடவையில் அணுக விடும் வசதி தாய்ப்பலகையில் இல்லையெனில் வேகத்தைப் பெரிதும் இழக்கிறது. பழைய செயலியுடன் சேர்ந்தால் மேலும் தளர்கிறது. புதிய பலகையும் பெரிய யூ.பி.எஸ். உம் உடையவருக்கே அது உரியது. 2025 யூனில் வந்த 160 வாற்று ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.ரி. இன் 16 ஜிகாபைற் வடிவம் இக்குறைகளில் பெரும்பாலானவற்றைக் கடந்தது. 349 டொலர் என்ற அதன் அறிவிப்பு விலை உள்ளூர்க் கடையில் ரூபாவாக மாறிய பின்னரும் கைக்கெட்டினால் மட்டுமே அது பட்டியலில் சேரும்.

எதனை வாங்கினாலும், கடையின் குளிரூட்டிய அறையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டப்படும் சோதனையை முடிவாகக் கொள்ளலாகாது. மாற்றிக்கொள்ளும் தவணை முடியுமுன், வெயிலேறிய பகற்பொழுதொன்றில், பெட்டியின் பக்கத் தகடுகளை மூடி, அரை மணித்தியாலமாவது கடினமான விளையாட்டை ஓடவிட்டு, வெப்பநிலையையும் அதிர்வெண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். திரையில் நிறப்புள்ளிகள் சிதறினால் நினைவகமும், கணினி சட்டென்று அணைந்தால் மின்வழங்கியும் முதலில் சந்தேகிக்கப்பட வேண்டியவை; அதிர்வெண் படிப்படியாக இறங்கினால் காற்றோட்டத்தைச் சீர்செய்து மீண்டும் பார்த்த பிறகே அட்டையைக் கடைக்குக் கொண்டுபோகலாம்.